வரதட்சணை வழக்குகளும் முன்பிணை மன்றின் பேரமும்

வரதட்சணைக் கொடுமை தொடர்பில் பொலிஸில் முதல் தகவல் அறிக்கை பதிவாகி இரண்டு மாதங்களுக்கு எவரையும் கைது செய்யலாகாது என்றும், அக்காலப்பகுதியில் விவகாரம் குடும்பநலக் குழுவொன்றுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றும் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022 ஆம் ஆண்டில் நெறிமுறைகளை வகுத்தது. அவற்றை ஏற்று நடைமுறைப்படுத்துமாறு இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதியரசர்கள் 2025 ஜூலை 22 ஆம் திகதி பணித்தனர். இதையொத்த குழுக்களை 2017 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் ஓர் அமர்வு தோற்றுவித்ததையும், 2018 செப்டெம்பரில் மூன்று நீதியரசர்கள் கொண்ட அமர்வு, சட்டத்தில் இடமில்லாத ஏற்பாடு அது என்று கூறி நீக்கியதையும் மறவாதவர்களுக்கு இது வியப்பளித்திருக்கும்.

குழுக்கள் வரட்டும், போகட்டும். வரதட்சணை வழக்கொன்றின் தலைவிதி பல வேளைகளில் எழுதப்படும் இடம் வேறு. முன்பிணை மனு விசாரணைக்கு எடுக்கப்படும் நீதிமன்ற மண்டபமே அது. (தமிழகத்தில் முன்ஜாமீன் என்பர், எமது நாட்டுச் சட்டத் தமிழில் முன்பிணை.) அம்மண்டபத்தில் நடைபெறுவது நீதி வழங்கலா, பேரம் பேசலா என்பதே எமது கேள்வி.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்ற பிரிவு 1983 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. கணவனோ அவனது உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமைக்கு மூன்றாண்டுகள் வரை சிறை. பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். பிணை என்பது உரிமையன்று, நீதிமன்றத்தின் தற்றுணிபு. இரு தரப்பும் தாமாகவே இணங்கி வழக்கை முடித்துக்கொள்ளவும் இயலாது. 1961 இல் வந்த வரதட்சணைத் தடைச் சட்டம் வெறும் ஏட்டுச் சுரைக்காயாகிவிட்ட நிலையில், எரியுண்டு இறந்த இளம் மனைவியரின் செய்திகள் நாளேடுகளை நிறைத்த காலத்தில் பிறந்த சட்டம் இது. கடுமையாக இருந்ததில் வியப்பில்லை. 2024 ஜூலை முதலாம் திகதியிலிருந்து அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 ஆம் பிரிவுகளில் இடம்பெறுகின்றது. எண் மாறியது, உள்ளடக்கம் மாறவில்லை.

முன்பிணையின் பிறப்போ வேறு கதை. 1898 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையில் அது கிடையாது. செல்வாக்குள்ளவர்கள் தம் எதிரிகளைப் பொய் வழக்கில் மாட்டிச் சில நாட்களாவது சிறையில் வைத்து அவமதிக்க முயல்கின்றனர். அதற்கு ஒரு காப்பு வேண்டும் என்று சட்ட ஆணைக்குழு 1969 இல் கூறியதன் விளைவாகவே 1973 இன் சட்டக்கோவையில் 438 ஆம் பிரிவு இடம்பெற்றது. அதற்கு இலக்கணம் வகுத்த 1980 ஆம் ஆண்டின் ஐவர் அமர்வுத் தீர்ப்பும் பஞ்சாப் அமைச்சர் ஒருவரின் மனுவில் எழுந்ததே. அரசியல்வாதிகளுக்காக அமைக்கப்பட்ட வாயில் வழியே பின்னாளில் ஓய்வூதியம் பெறும் மாமனாரும், மூட்டுவலிக்கார மாமியாரும், வேறோர் ஊரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனாரும் வரிசையில் நுழைவார்கள் என்று அன்று எவர் எண்ணியிருப்பார்!

அவர்கள் நுழைந்ததற்குக் காரணம் இருந்தது. 2014 ஜூலை 2 ஆம் திகதி பீகாரிலிருந்து வந்த முன்பிணை மனுவொன்றில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய அரச புள்ளிவிபரங்களைப் பாருங்கள். 2012 ஆம் ஆண்டில் மட்டும் 498ஏ இன் கீழ் கைதானோர் 1,97,762 பேர். அவர்களில் 47,951 பேர் பெண்கள். பெண்ணைக் காக்க வந்த சட்டத்தின் கீழ் கைதானவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் பெண்! குற்றப்பத்திரிகை தாக்கல் 93.6 வீதம், தண்டனை 15 வீதம். எனவே வழக்குப் பதிவானதும் இயந்திரம்போல் கைது செய்யாதீர்கள், கைது ஏன் அவசியம் என்பதை எழுத்தில் காட்டுங்கள் என்று பொலிஸாருக்கும், அதைப் படித்துப் பாராமல் தடுப்புக்காவலுக்கு அனுமதியளிக்காதீர்கள் என்று நீதவான்களுக்கும் நீதிமன்றம் கட்டளையிட்டது. நல்ல தீர்ப்பு. ஒழுங்காகப் பின்பற்றப்பட்டிருப்பின் முன்பிணை மனுக்களுக்கே பெரிதும் வேலையிராது. ஆனால் 2023 ஜூலையிலும் ஜார்க்கண்ட் வழக்கொன்றில் அதே கட்டளைகளை நினைவூட்ட வேண்டியிருந்தது.

அந்த 15 வீதம் ஒரு தரப்பினரின் ஆயுதமாகிவிட்டது. எஞ்சிய 85 வீதமும் பொய் வழக்குகளே என்று வாதிடுகின்றனர். இவ்வாதத்தை நாம் ஏற்கவில்லை. இணங்கி முடிக்க இயலாத குற்றம் என்று சட்டம் கூறினாலும், நடைமுறையில் இணக்கம் நடைபெற்றுக்கொண்டேயிருக்கிறது. மணமுறிவுக்குச் சம்மதம், ஒரு தொகைப் பணம், நகைகள் திருப்பிக் கையளிப்பு. பின்னர் மனைவி சாட்சிக் கூண்டில் ஏறி 'எனக்கு நினைவில்லை' என்பாள். வழக்கு விடுதலையில் முடியும். அல்லது 2003 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்ட வழியில், சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் வழக்கையே இரத்துச் செய்வர். விடுதலைகளின் எண்ணிக்கையில் பொய்யும் இருக்கும், களைப்பும் இருக்கும், விலைபேசி முடித்த உண்மையும் இருக்கும். எது எவ்வளவு என்பதைப் புள்ளிவிபரம் சொல்லாது. ஆண்டுதோறும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வரதட்சணை மரணங்கள் அந்நாட்டில் பதிவாகின்றன என்பதையும் இவ்வாதக்காரர் மறந்துவிடுகின்றனர்.

இந்த விலைபேசலின் முதற்படியாக முன்பிணை விசாரணை மாறியிருப்பதுதான் எமது கவலை. இடைக்காலப் பாதுகாப்பு வழங்கி, மத்தியஸ்த நிலையத்துக்கு அனுப்பி, 'இவ்வளவு தொகையைக் கட்டு, பிணை தருகிறோம்' என்ற போக்கு வளர்ந்தது. பட்னா உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதற்கும் மேலே சென்று, மனைவியின் உடல்சார்ந்த தேவைகளையும் நிதித் தேவைகளையும் நிறைவேற்றுவதாகக் கணவன் சத்தியக்கடதாசி வழங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது! 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கி, நிறைவேற்ற இயலாத நிபந்தனைகளைக் கைவிடுமாறு கண்டித்தது. தன்னை அடித்தவன் என்று எவள் முறையிட்டாளோ, அவளையே அவனோடு குடித்தனம் நடத்த அனுப்புவது எந்தச் சட்டப் புத்தகத்தில் உள்ளது? மறுபுறம், குற்றமற்ற கணவனொருவனும் சிறைக்கு அஞ்சி, கேட்ட தொகைக்குத் தலையாட்டுகிறான். பேரத்தில் இருவருமே இழக்கின்றனர்.

இதற்காக முன்பிணையை ஒழிக்க வேண்டும் என்று மகளிர் அமைப்புகள் சில கேட்பதுடன் எமக்கு உடன்பாடில்லை. தாழ்த்தப்பட்டோர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்பிணைக்குத் தடை வைத்த நாடாளுமன்றம் 498ஏ இல் அவ்வாறு செய்யவில்லை. அவசரநிலைக் காலத்தில், 1976 இல், உத்தரப் பிரதேசம் முன்பிணையை அடியோடு நீக்கி 2019 வரை அவ்வாறே வைத்திருந்தது. அதனால் அம்மாநிலத்தில் வரதட்சணை ஒழிந்ததாக எவரும் கூறவில்லை.

வேண்டியது பிரித்துப் பார்க்கும் பொறுமை. ஆறு பெயர்கள் கொண்ட மனுவுக்கு ஒரே வரியில் 'அனுமதி' அல்லது 'நிராகரிப்பு' என்று எழுதுவதே கோளாறு. நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் வாழும் நாத்தனார்மீது பொதுப்படையான ஒரு வாக்கியம் மட்டுமே இருப்பின் அவளுக்குப் பிணை மறுக்க என்ன இருக்கிறது? ஆனால் மருத்துவமனைப் பதிவேட்டில் எலும்பு முறிவு இருக்குமானால், அந்தக் கணவனின் மனுவை வேறு கண்கொண்டு பார்க்க வேண்டும். மேலும், பாதிக்கப்பட்டவருக்குப் பிணை விசாரணை உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வரதட்சணை வழக்குகளில் இது முறையாகப் பின்பற்றப்பட வேண்டும். 2023 நவம்பரில், மனைவி ஒரு மாநிலத்திலும் கணவன் இன்னொன்றிலும் இருந்த வழக்கில், கணவன் தன் ஊர் நீதிமன்றத்திலேயே குறுகிய காலத்துக்கு முன்பிணை பெறலாம் என்று தீர்ப்பானது. தூரத்தில் உள்ள மனைவியின் குரல் அங்கு எட்டுவது இன்னும் கடினம்.

எமது நாட்டில் 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தில் முன்பிணை உண்டு. சீதனக் கொடுமைக்கென்று தனிக் குற்றவியல் பிரிவு இல்லை. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். யாழ்ப்பாணத்தில் தேசவழமையே சீதனத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளித்திருப்பதால் இங்கு விவாதத்தின் முகம் வேறு. அது தனிக் கட்டுரைக்குரியது.

நகை விடயத்தையும் கூறிவிட வேண்டும். மனைவியின் சீதனப் பொருள் அவளுக்கே உரியது, கணவன் வீட்டார் வெறும் காப்பாளர் என்பது 1985 இலேயே முடிந்த சட்டம். சர்ச்சைக்குரிய பொருட்களை மீட்க வேண்டும் என்பது மட்டுமே பிணை மறுக்கக் காரணமாகாது என்று 2017 தீர்ப்பு கூறியதும் நியாயமே. ஆனால் சர்ச்சையே இல்லாத பொருட்கள் இருக்கின்றன. அவளது பட்டச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். கணவன் வீட்டு அலுமாரியில் பூட்டப்பட்டிருக்கும் இவற்றை ஒரு வாரத்துக்குள் விசாரணை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், அவள் இருக்கும் இடத்தை நெருங்கலாகாது என்ற இரு வரிகளைப் பிணைக் கட்டளையில் எழுத எந்த நீதிபதிக்கும் புதிய சட்டம் தேவையில்லை.