முக்கோணம் தெரியும், ப்ளக் பாயிண்ட் தெரியாது!

பத்தாம் வகுப்பு முடித்த யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். "230 வோல்ட், 5 ஆம்பியர். மின்தடை எவ்வளவு? திறன் எவ்வளவு?" உடனே ஒரு முக்கோணம் வரைவார்கள். மேலே வி, கீழே ஐயும் ஆரும். வேண்டியதை விரலால் மறைத்தால் வழி தெரிந்துவிடும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் 46 ஓம். இரண்டையும் பெருக்கினால் 1150 வாட். முழு மார்க்!

அதே ஆள் வீட்டில் என்ன செய்கிறார்? ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடு, அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர் மூன்றையும் சொருகுகிறார். ஏன் என்று கேட்டால், "அதான் ஓட்டை காலியா இருக்கே" என்பது பதில்.

சரி, அந்த முக்கோணத்தை வைத்தே கணக்குப் போடுவோம். ராடு 1000 வாட், அயர்ன் 1000 வாட், குக்கர் 700 வாட். மொத்தம் 2700. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 11.7 ஆம்பியர். பாக்ஸின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதோ 6 ஆம்பியர். தனித்தனியாகப் போட்டால் மூன்றுமே 6-க்குள் அடங்கும். சேர்த்துப் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டு மடங்குதானே என்று நினைப்பதுதான் ஆபத்து. ஒயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிய அளவு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு! ப்ளக் லூஸாக இருந்தால் அந்த இடத்தில் மின்தடையும் கூடிவிடும். முதலில் கருகும் வாசனை வருவது அங்கிருந்துதான்.

"எம்.சி.பி. இருக்கிறதே, ட்ரிப் ஆகிவிடாதா?" என்று ஒரு தைரியம் பலருக்கு. அந்த லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், 11.7 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அது சுவருக்குள் ஓடும் தடித்த ஒயரைக் காப்பாற்ற வைத்தது. தரையில் கிடக்கும் மெல்லிய 6 ஆம்பியர் ஒயர் உருகினாலும் அது பேசாமல்தான் இருக்கும்.

இன்னொரு குழப்பமும் முக்கோணம் தந்த வரம். "மின்தடை அதிகம் என்றால் சூடும் அதிகம்" என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டால் குட்டு உடைந்துவிடும். 100 வாட் குண்டு பல்ப் எரியும்போது அதன் மின்தடை 529 ஓம். 1000 வாட் ஹீட்டருக்கு வெறும் 52.9 ஓம். வீட்டில் வோல்ட் மாறாமல் இருப்பதால், தடை குறையக் குறையத்தான் திறன் ஏறும். எது மாறாமல் நிற்கிறது, எது மாறுகிறது என்று கேட்காமல் வகுப்பதும் பெருக்குவதும், லாபமா நஷ்டமா என்று பார்க்காமல் ஐந்தொகையை டேலி செய்து சந்தோஷப்படுவதும் ஒன்றுதான்.

இந்த விதியைக் கண்டுபிடித்த ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வெவ்வேறு நீளக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து, அளந்து அளந்து பார்த்துதான் 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு பள்ளி ஆசிரியர் அளந்து கண்டதை, இன்று எத்தனையோ பள்ளிகளில் எதையும் அளக்காமலே நடத்தி முடிக்கிறார்கள். என்ன கொடுமை!

"போர்ஷனை முடிக்கவே நேரமில்லை, இதில் ரைஸ் குக்கரா?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இதற்குத் தனிப் பாடம் தேவையில்லை. கேள்வியை மாற்றினால் போதும். "230 வோல்ட், 5 ஆம்பியர்" என்பதற்குப் பதில், "6 ஆம்பியர் பாக்ஸில் இந்த மூன்றையும் ஒன்றாகப் போடலாமா? காரணம் கூறு" என்று கேட்கட்டும். அதே சூத்திரம், அதே இரண்டு மார்க்.

"எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்" என்பது அடுத்த சாக்கு. அவர் ஒயரிங் செய்துவிட்டுப் போய்விடுவார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாங்குவதும் சொருகுவதும் வீட்டு ஆட்கள்தான். அதிலும் பத்தாவதுக்குப் பிறகு காமர்ஸ், ஆர்ட்ஸ் என்று போகிறவர்களுக்கு இயற்பியலின் கடைசி வகுப்பு அதுதான். அதன் பிறகு யாரும் சொல்லித்தரப் போவதில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாமல் போனால் பரவாயில்லை, இந்தச் சுரைக்காய் வீட்டையே கொளுத்திவிடும். அடுத்த முறை சொருகும் முன் பாக்ஸைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். மொத்த வாட்டை 230-ஆல் வகுக்க, செல்போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.