மின்சிகரெட்டுக்குள் ஒளிந்திருப்பதை எடைபோடும் தராசு

2025 ஜூலையில் வெளியான ஒரு தகவல் சிங்கப்பூரில் பலரையும் உலுக்கியது. பறிமுதல் செய்யப்பட்ட 100க்கும் மேற்பட்ட மின்சிகரெட்டுகளைச் சோதித்ததில், ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் எட்டோமிடேட் இருந்தது. மருத்துவமனையில் நோயாளியை மயக்கமடையச் செய்ய ஊசிவழி செலுத்தும் மருந்து அது, புகையாக இழுப்பதற்கானதன்று. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது ‘சி’ பிரிவு போதைப்பொருளாக வகைப்படுத்தப்பட்டது.

தண்டனைகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஆனால், நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காத ஒரு பொருளை ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை இளையர்களில் எத்தனை பேர் அறிவோம்?

‘மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி’ எனும் நிறை நிறமாலையியல் இதற்குக் கைகொடுக்கிறது. சுருங்கச் சொன்னால், அது மூலக்கூறுகளுக்கான தராசு. முதலில் திரவத்தில் கலந்துள்ள பொருள்கள் தனித்தனியே பிரிக்கப்படுகின்றன. பின்னர் அவற்றின் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. மின்னூட்டம் பெற்றவற்றை மின்புலத்தால் நகர்த்த முடியும். கனமானவையும் இலேசானவையும் வெவ்வேறு விதமாக நகர்வதால், அந்த வேறுபாட்டைக் கொண்டு நிறையைக் கணக்கிடுகிறார்கள்.

எட்டோமிடேட்டின் மூலக்கூறு நிறை சுமார் 244. ஒரு புரோட்டான் சேர்ந்ததும் அது 245 எனப் பதிவாகும். அதே நிறையுள்ள வேறு பொருள்களும் உண்டு என்பதால், மூலக்கூறை வாயுவில் மோதவிட்டு உடைக்கிறார்கள். எட்டோமிடேட் உடைந்தால் 141, 105 ஆகிய நிறைகளில் துண்டுகள் கிடைக்கும். முழு நிறை, துண்டுகளின் நிறை, பிரிந்து வெளிவர எடுக்கும் நேரம் ஆகிய மூன்றும் தூய எட்டோமிடேட்டுடன் ஒத்துப்போக வேண்டும்.

சட்டத்திலிருந்து தப்ப, மூலக்கூறின் ஒரு முனையை மட்டும் மாற்றுவோரும் உள்ளனர். ஒரு கார்பனைக் குறைத்தால் மெட்டோமிடேட், நிறை 230. ஒன்றைக் கூட்டினால் புரோபாக்ஸேட், நிறை 258. முனை மாறினாலும் 105 என்ற துண்டு அப்படியே இருக்கும். ஒரே குடும்பம் என்பது புலப்பட்டுவிடும். தராசுக்கும் எல்லை உண்டு. புரோபாக்ஸேட், ஐசோபுரோபாக்ஸேட் இரண்டின் நிறையும் ஒன்றே. அவற்றை வேறுபடுத்த, முதலில் செய்யும் பிரிப்பே பெரிதும் உதவுகிறது.

இதிலிருந்து நாம் உணரவேண்டியவை இரண்டு. உடனடிச் சோதனைக் கருவி எழுப்புவது ஐயத்தை மட்டுமே. ஆய்வக முடிவு வருமுன் ஒருவரைக் குற்றவாளி என்று முத்திரை குத்தக்கூடாது. நிரபராதிக்கும் அந்தத் தராசே பாதுகாப்பு.

மற்றொன்று, “இதில் வெறும் பழச்சுவைதான்” என்று நண்பர் நீட்டும் மின்சிகரெட். அதற்குள் இருப்பதைச் சொல்ல ஆய்வகத்துக்கே இத்தனை படிகள் தேவைப்படுகின்றன. நாக்கும் மூக்கும் எந்தத் துணிவில் உத்தரவாதம் தரும்?