கலப்பை தானாக இறங்கினால்

1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு ஹாரி ஃபெர்குசனின் மும்முனை இணைப்பு பரவலாக வயலுக்கு வந்தபோது, கலப்பையைத் தூக்கும் பாடு எண்ணெய் அழுத்தத்தின் கைக்குப் போனது. அந்த வழியில் வந்த மாஸி ஃபெர்குசன் 35 போன்ற வண்டிகளில் கியர் பெட்டி எண்ணெய்தான் ஹைட்ராலிக்குக்கும். பம்பு அதற்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. லிப்டில் கசிந்தால் கியருக்கும் எண்ணெய் குறையும்.

ஆனாலும் கசியக் கசிய எண்ணெய் ஊற்றியே ஓட்டுகிறவர்கள் நிறைய. அது வைத்தியமே அல்ல. அப்பிய மண்ணையும் பிசுக்கையும் டீசல் விட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, லிப்டைச் சிலமுறை ஏற்றி இறக்கினால் ஈரம் துளிர்க்கும் இடம் தானே தெரியும். வெளியே சொட்டு இல்லை, ஆனால் இன்ஜினை அணைத்ததும் கலப்பை மெல்ல இறங்குகிறது என்றால் கோளாறு உள்ளே; பிஸ்டன் சீலையும் வால்வையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லிப்ட் கையின் தண்டோரம் கசிந்தால் பலரும் ஓ-ரிங்கை மட்டும் மாற்றி மூடிவிடுகிறார்கள். தண்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது ரிங்கும் சீக்கிரமே அறுபடும். அந்தப் பள்ளத்தைச் சரிசெய்யாத ரிப்பேருக்குக் கூலி கொடுப்பது வீண்.

அழுத்தக் குழாயில் கசிவைத் தேட விரலால் தடவவே கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தாமதித்தால் விரலே போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன் கலப்பையைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, லீவரை அசைத்து மிச்ச அழுத்தத்தையும் விடுவித்தாக வேண்டும்.