உரிமைக்கு ஒரே தராசு

மதப் பிரசாரகர் ஒருவரை மதிப்பிடுவதற்கு அவருடைய பக்தர்களும் பகைவர்களும் ஒருங்கே தகுதியற்றவர்கள். முன்னவர் அவர் கூறியதெல்லாம் வேதம் என்பர். பின்னவர் எல்லாம் விஷம் என்பர். டாக்டர் ஜாகிர் நாயக் விஷயத்தில் இவ்விரு கூச்சல்களுக்கும் நடுவே நியாயமான இரண்டு கேள்விகள் அமுங்கிப் போய்விட்டன. தமக்கு வேண்டுமென்று கோரிய உரிமையை அவர் பிறருக்கு அளிக்கச் சம்மதித்தாரா? அவரை அடக்கப் புகுந்த சர்க்கார், சட்டத்தின் முழுப் பாதையையும் நடந்து தீர்த்ததா? இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பதே இங்கு நமது நோக்கம்.

1965-ம் வருஷத்தில் பம்பாயில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்து, அந்நகரிலேயே வைத்தியப் பட்டம் பெற்றவர் ஜாகிர் நாயக். அவரை மருந்துப் பெட்டியிலிருந்து பிரசங்க மேடைக்கு இழுத்தவர் அஹமத் தீதாத். குஜராத்தில் பிறந்து சிறு வயதிலேயே தென்னாப்பிரிக்கா சென்ற தீதாத், கிறிஸ்தவ மிஷன் ஒன்றின் அருகே கடைச் சிப்பந்தியாக இருந்தவர். மிஷன் மாணவர்கள் கடைக்கு வந்து இஸ்லாத்தைக் குறை கூறிச் செல்வார்கள். அதற்கு விடை சொல்லவேண்டி பைபிளைப் படிக்கத் தொடங்கிய அவர், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற வாதியானார். அவமானத்திற்குப் பதிலாகப் பிறந்த அந்த வாதக் கலையையே சீடரும் கைக்கொண்டார். 1991-ம் வருஷத்தில் பம்பாயில் இஸ்லாமிய ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்றை நிறுவினார். 2006-ல் ‘பீஸ் டி.வி.’ என்னும் டெலிவிஷன் சேவையையும் தொடங்கினார்.

அவருடைய வெற்றியின் ரகசியம் யாது? அவர் மௌல்விகளின் அங்கி தரிக்கவில்லை. கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்து, தலையில் குல்லாயுடன், ஆங்கிலத்தில் பேசினார். குர்ஆன், பைபிள், வேதம், உபநிஷதம் எதுவாயினும் அத்தியாயமும் வசன எண்ணும் நாவின் நுனியில் நின்றன. 2000-ம் வருஷத்தில் சிக்காகோவில் டாக்டர் வில்லியம் காம்பெலுடன் நடத்திய வாதமும், 2006 ஜனவரியில் பெங்களூரில் ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கருடன் ஒரே மேடையில் நிகழ்த்திய உரையாடலும் அவர் புகழை எங்கும் பரப்பின. 1992-ம் வருஷத்து அயோத்திச் சம்பவத்திற்கும் அதைத் தொடர்ந்த பம்பாய்க் கலகங்களுக்கும் பின்னர், இந்திய முஸ்லிம் வாலிபர்களில் பலர் மனம் புண்பட்டிருந்தனர். தலை குனியாமல் பதில் சொல்லும் ஒரு மனிதரை அவர்கள் அவரிடம் கண்டார்கள். இதை உணராமல் அவருடைய செல்வாக்கை வெறும் மூளைச் சலவை என்று தள்ளிவிடுவது அறியாமையேயாகும்.

அதே சமயம் முஸ்லிம் சமூகம் முழுவதும் அவர் பின்னால் நின்றது என்பதும் பொய். தேவபந்த் உலமாக்களிலிருந்தே அவருக்குக் கண்டனங்கள் எழுந்தன. கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்படக் காரணமான யஜீதை மரியாதையுடன் குறிப்பிட்டதற்காக ஷியாக்கள் அவர்மீது கொதித்தெழுந்தார்கள். தர்காக்களைப் போற்றும் முஸ்லிம்களும் அவரை ஏற்கவில்லை. வாதத்தில் கைதட்டல் பெறுவது வேறு, சமய ஞானம் வேறு என்று அவருக்கு முதலில் எடுத்துரைத்தவர்கள் முஸ்லிம்களே.

இனி நமது முதற் கேள்விக்கு வருவோம். இஸ்லாமிய ராஜ்யத்தில் பிற மதத்தினர் கோவில்களும் மாதா கோவில்களும் கட்டலாமா என்று கேட்டபோது, ஜாகிர் நாயக் கூடாதென்றார். அதற்கு அவர் கணக்கு வாத்தியார் ஒருவரை உதாரணம் காட்டினார். இரண்டும் இரண்டும் மூன்று என்று சொல்பவரை எந்தத் தலைமையாசிரியராவது பள்ளியில் வேலைக்கு வைத்துக்கொள்வாரா என்பது அவர் வாதம். மதத்தைக் கணக்காக்கி, தம் கையிலிருப்பதே சரியான விடை என்று முடிவு கட்டியபின், அயலான் உரிமைக்கு இடமேது? பம்பாய் மைதானங்களில் பெருந்திரளான மக்களின் முன்னிலையில் அவர் பேசியது எந்தச் சுதந்திரத்தால்? இந்நாட்டின் அரசியல் சட்டத்து 25-வது ஷரத்து, சரியான மதம் எது, தவறான மதம் எது என்று பரீட்சை வைத்த பிறகா அவருக்குப் பிரசார உரிமை வழங்கிற்று?

இந்த முரண்பாடு மலேசியாவில் வெட்ட வெளிச்சமாயிற்று. 2016-ல் இந்தியாவுக்குத் திரும்பாமல் இருந்துவிட்ட அவருக்கு அந்நாடு அடைக்கலம் தந்தது. 2019 ஆகஸ்டில் கோத்தபாருவில் பேசுகையில், இந்திய முஸ்லிம்களைவிட மலேசிய ஹிந்துக்கள் நூறு மடங்கு உரிமை அனுபவிப்பதாகவும், அவர்கள் தங்கள் நாட்டுப் பிரதமரைவிட இந்தியப் பிரதமரிடமே அதிக விசுவாசம் உடையவர்கள் என்றும் கூறினார். சீனர்களைப் பழைய விருந்தாளிகள் என்றும், தாம் போக வேண்டுமானால் அவர்கள் முதலில் போகட்டும் என்றும் சொன்னார். மலேசிய ஹிந்துக்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய பாட்டன்மார் ரப்பர்த் தோட்டங்களில் காடு திருத்தி, அம்மண்ணிலேயே மாண்டு எருவானவர்கள். நேற்று வந்த விருந்தாளி, பரம்பரைக் குடிகளின் விசுவாசத்தைச் சோதிப்பதா? இந்தியாவில் முஸ்லிம்களின் தேசபக்தியைச் சந்தேகிப்பவர்கள் உபயோகிக்கும் அதே ஆயுதத்தை, அதனால் காயம்பட்ட சமூகத்தின் வழக்கறிஞராகத் தம்மைச் சொல்லிக்கொண்டவர் கையிலெடுத்தார். போலீஸார் பல மணி நேரம் விசாரித்தனர். அவர் மன்னிப்புக் கோரினார். நாடெங்கும் பொதுமேடையில் பேச அவருக்குத் தடை விதிக்கப்பட்டது.

தராசின் மறு தட்டையும் பார்ப்போம். 2010-ல் பிரிட்டன் அவருக்கு நுழைவு மறுத்தது. ஒவ்வொரு முஸ்லிமும் பயங்கரவாதியாக இருக்க வேண்டும் என்று அவர் முன்பு சொன்னதே முக்கிய ஆதாரமாகக் காட்டப்பட்டது. திருடனுக்குப் போலீஸ்காரன் பயங்கரன் என்ற பொருளில் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்றார் அவர். ஆயினும் அவர் லண்டன் நியாயஸ்தலத்தில் முறையிட முடிந்தது. தோற்றார் என்றாலும், விவாதம் பகிரங்கமாக நடந்தது.

2016 ஜூலை 1-ந் தேதி டாக்காவில் உணவு விடுதி ஒன்றில் பணயமாகப் பிடிக்கப்பட்ட இருபது பேர் கொல்லப்பட்டனர். கொலைஞர்களில் ஒருவன் அவர் பேச்சைப் பரப்பியவன் என்று பத்திரிகைகள் எழுதின. வங்காள தேசம் அவருடைய டெலிவிஷனைத் தடுத்தது. அவ்வருஷம் நவம்பரில் இந்திய சர்க்கார் அவருடைய ஸ்தாபனத்தை 1967-ம் வருஷத்திய சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஐந்து வருஷங்களுக்குத் தடை செய்தது. 2021-ல் அதை நீட்டித்தது. இச்சட்டப்படி ஹைக்கோர்ட் நீதிபதி ஒருவர் தலைமையில் அமையும் டிரிபியூனல் தடையை ஆராய்கிறது. ஆனால் பொது நலனை முன்னிட்டு சர்க்கார் சில தஸ்தாவேஜுகளை எதிர்க்கட்சிக்குக் காட்டாமலே நீதிபதியிடம் அளிக்கலாம். தடைக்குப் போதிய காரணம் உண்டு என்பது ஒன்று; ஒரு மனிதன் குற்றவாளி என்பது மற்றொன்று. சர்வதேசப் போலீஸ் ஸ்தாபனமான இன்டர்போல் 2017 டிசம்பரில் அவருக்கெதிரான வேண்டுகோளை ஏற்க மறுத்தது. குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்னரே விண்ணப்பம் அனுப்பப்பட்டதே காரணம் என்று நம் அதிகாரிகள் விளக்கினார்கள். எழுதத் தெரிந்த எந்தக் குமாஸ்தாவும் செய்யக்கூடாத இத்தவறு, அவர் பக்தர்களுக்கு ஒரு வெற்றிக் கொடியாகவே ஆயிற்று.

விரோதத்தைத் தூண்டும் பேச்சைத் தண்டிக்க இந்தியன் பீனல் கோடில் 153-ஏ, 295-ஏ என்ற பிரிவுகள் வெள்ளையர் காலத்திலிருந்தே இருந்தன. ஒரு பேச்சு குற்றமானால், அது பேசப்பட்ட அன்றே வழக்குத் தொடர்ந்து, சாட்சி வைத்து, தீர்ப்புப் பெற்றிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் மைதானங்களில் பேச விட்டுவிட்டு, அயல் நாட்டில் இரத்தம் சிந்திய பிறகு விழித்துக்கொள்வது நிர்வாகத் திறமைக்கு அழகன்று.

அதற்காக ஜாகிர் நாயக்கின் வனவாசத்தைத் தியாகம் என்று போற்ற நாம் சித்தமாயில்லை. பினாங்கு மாநிலத்தின் முன்னாள் துணை முதலமைச்சர் பி. ராமசாமி என்ற தமிழர்மீது அவர் மான நஷ்ட வழக்குத் தொடர்ந்தார். 2023 நவம்பரில் கோலாலம்பூர் ஹைக்கோர்ட் அவருக்கு 15 லட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட் நஷ்டஈடு அளித்தது. தாம் வாதியாக நிற்கையில் நியாயஸ்தலத்தை நம்பியவர், பிரதிவாதியாக நிற்க வேண்டிய பம்பாயில் மட்டும் அதை நம்ப மறுப்பது என்ன நியாயம்? அங்கே நீதி கிட்டாது என்று அவர் அஞ்சினால், அவ்வச்சத்திற்கு இடமில்லாதபடி பகிரங்க விசாரணைக்கு உறுதி கூறுவது சர்க்காரின் கடமை. அந்த உறுதி கிடைத்தபின் வந்து நிற்பது அவர் கடமை.

பிரசங்கம் முடிந்ததும் சபையோர் கேள்வி கேட்கும்படி ஒலிபெருக்கி வைப்பது அவர் வழக்கம். அவரைப் பின்பற்றும் வாலிபர்கள் அந்த ஒலிபெருக்கியின் முன் நின்று, “உமக்குப் பம்பாயில் கிடைத்த உரிமை, உமது ராஜ்யத்தில் என் அயல் வீட்டுக்காரனுக்குக் கிடைக்குமா?” என்ற ஒரே கேள்வியைக் கேட்கட்டும். வசன எண்ணால் அதற்கு விடை கூற இயலாது.