கடிகாரம் திருப்பிய ஞாயிறு

அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எங்கள் எதிர்வீட்டு அம்மாள் காலை பத்தரை மணிக்கே டெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாரிஸில் இருக்கும் மகள் ஞாயிறுதோறும் வேலைக்குக் கிளம்புமுன், அந்த ஊர்க் கணக்கில் ஏழு மணிக்குப் பேசுவாள். நமக்கு அது பத்தரை.

பத்தே முக்கால் ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. டெலிபோன் வாயைத் திறக்கவில்லை. "குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ!" என்று அம்மாள் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டார். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. பதினொன்றரைக்கு மணி அடித்தது. "இன்னிக்குத்தானேம்மா இங்கே மணியை மாத்தினாங்க! மறந்துட்டீங்களா?" என்று மகள் சிரித்தாளாம்.

பாரிஸில் முள்ளைத் திருப்பினால் புதுச்சேரியில் குழம்பு ஏன் தீய வேண்டும் என்று கேட்கிறீர்களா? 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போய்விட்டது. ஆனால் பிரெஞ்சுப் பிரஜைகளாக இருக்கும் குடும்பங்கள் இன்றும் இங்கே பல உண்டு. பெற்றோர் இங்கே, பிள்ளைகள் அங்கே. மார்ச் கடைசி ஞாயிறு, நமக்குக் காலை ஆறரை மணியாகும்போது, பிரான்ஸில் இரண்டு மணி சட்டென்று மூன்றாகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு, அதே ஆறரைக்கு, மூன்று மறுபடி இரண்டாகும். குளிர் காலத்தில் நாலரை மணியாக இருக்கும் வித்தியாசம் கோடையில் மூன்றரையாகக் குறையும்.

அவர்கள் ஊருக்கு இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாரிஸில் ஜூன் மாதத்துப் பகல் பதினாறு மணி நேரம், டிசம்பரிலோ எட்டேகால்தான். கோடையில் எல்லாரும் தூங்கும்போதே சூரியன் வந்து வெளிச்சத்தை வீணாக்குகிறான்; அதில் ஒரு மணியை எடுத்துச் சாயங்காலத்தில் சேர்த்தால் விளக்கு மிச்சம் என்பது கணக்கு. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1976-ல் பிரான்ஸ் இதை மறுபடி கொண்டுவந்தது. அந்த மகளும், "ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம்மா! வேலை முடிஞ்சு பிள்ளையைப் பூங்காவுக்கு அழைச்சுக்கிட்டுப் போறேன்" என்பாள்.

நமக்கு அந்தக் கவலையே இல்லை. புதுச்சேரியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி வித்தியாசம்கூடக் கிடையாது. ஆனாலும் யுத்த காலத்தில், 1942 செப்டம்பர் முதல் தேதி, பிரிட்டிஷ் இந்தியாவின் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். 1945 அக்டோபர் மத்தியில்தான் பழைய நேரம் திரும்பிற்று. இலங்கையிலும் மின்சாரப் பஞ்சத்துக்காக 1996-ல் முதலில் ஒரு மணி, பிறகு அரை மணி என்று முன்னே வைத்துப் பார்த்தார்கள். 2006-ல் நம்முடைய நேரத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் மட்டும் ஒரு மணி முந்திய 'தோட்ட நேரம்' உண்டு. அங்கே பொழுது சீக்கிரம் விடிந்து, சீக்கிரம் சாய்கிறது. அது வருஷம் முழுவதும் ஒரே சீராக நடக்கும் ஏற்பாடு, இடையில் புரட்டுவதில்லை.

இப்போது ஐரோப்பாவிலேயே அலுப்புத் தட்டிவிட்டது. விளக்குகள் முன்போல் மின்சாரம் குடிப்பதில்லை; ஆகவே மிச்சமும் சொற்பம். 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் அபிப்பிராயம் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் எழுதினார்கள், நூற்றுக்கு 84 பேர் "போதும்!" என்றார்கள். 2019-ல் ஐரோப்பியப் பாராளுமன்றமும் அதற்கு வாக்களித்தது. ஆனால் நிறுத்துவதானால் எந்த நேரத்தில் நிறுத்துவது, கோடையிலா, குளிரிலா? அதில் அரசாங்கங்கள் ஒத்துப்போகவில்லை. முள் இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு அதிலேயே நிற்கட்டும் என்பேன். சாயங்கால வெளிச்சம் வேண்டுமானால் பள்ளிக்கூடத்தையும் ஆபீஸையும் முன்னதாகத் திறக்கலாமே! வருஷத்துக்கு இரண்டு தடவை ஊரார் தூக்கத்தை ஏன் கலைக்க வேண்டும்?

அதுவரை, சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளும் அந்தப் பக்கம் இருந்தால், மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். எதிர்வீட்டு அம்மாள் சுவரில் இரண்டாவது கடிகாரம் ஒன்று மாட்டிவிட்டார். அது பாரிஸ் மணி காட்டுகிறது. "அவ இப்போ எழுந்திருப்பா" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைக்கிறார்.