ரீகண்டிஷன் செயின்சாவும் ஒரு டப்பா பெயிண்ட்டும்

மக்களே, முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. பொட்டி தட்டுறவனுக்கு மரம் அறுக்கிற மிஷினைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கிறவங்க, முழுசாப் படிச்சிட்டு வந்து கேளுங்க.

2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்துச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வச்சிருந்தவங்களுக்கு அப்புறம் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த மரத்தைத் துண்டு போட ஊர் ஊரா செயின்சா வந்து இறங்குச்சு. கோடாலியும் ரம்பமும் மட்டுமே பாத்திருந்த எங்க தெருவுக்கு அந்த இரைச்சல் அப்பத்தான் பழகுச்சு. அப்படி உழைச்சுக் களைச்ச மிஷினுங்கதான் கைமாறி கைமாறி, ஒருநாள் கடை வாசல்ல பளபளன்னு வந்து உக்காருது. பேரு ரீகண்டிஷனாம்!

எங்க சித்தப்பா அப்படி ஒண்ணு வாங்கினார். நல்ல கம்பெனி, 16 இன்ச் பார், சின்ன மிஷின். புதுசுல பாதி விலைகூட இல்லை. "வருஷத்துக்கு நாலு மட்டை, ரெண்டு கிளை அறுக்க எவனாவது புதுசு வாங்குவானா தம்பி?"ன்னார். கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இந்தப் பதிவு.

மூணாவது மாசம், சாஞ்சு கிடந்த பூவரச மரத்தை அறுக்கும்போது, பாரோட மூக்கு பின்னாடி இருந்த கிளையில பட்டு மிஷின் எகிறிடுச்சு. பிடிச்சிருந்தது சித்தப்பா இல்லை, நானும் இல்லை. தோப்புல வேலை பாக்கிற அண்ணன். இடது தோள்ல பதினோரு தையல். கழுத்துக்கும் காயத்துக்கும் நடுவுல நாலு விரக்கடை.

என்ன நடந்துச்சுன்னா, சுத்துற செயின் பாரோட நுனியில, அதுவும் மேல்பாதியில எதையாவது இடிச்சா, மொத்த மிஷினும் மேல தூக்கி நம்ம மூஞ்சியைப் பாத்து வரும். செயின் ஓடுற வேகம் நொடிக்கு 20 மீட்டர் பக்கம். நாம சுதாரிக்க நேரமே கிடையாது. அதுக்குத்தான் முன் கைப்பிடிக்கு முன்னாடி ஒரு தடுப்பு வச்சிருக்கான். எகிறும்போது கை அதுல பட்டாலும் சரி, எகிறுற வேகத்துல அதுவே சாஞ்சாலும் சரி, உள்ள ஒரு இரும்புப் பட்டை கிளட்ச் டிரம்மை இறுக்கிப் பிடிச்சு செயினை நிறுத்திடும். இதான் செயின் பிரேக்.

எங்க மிஷினைக் கழட்டிப் பாத்தோம். தடுப்பு இருந்துச்சு. உள்ள பட்டையைக் காணோம்.

வித்தவர்கிட்ட போய்க் கேட்டா, "அது சும்மா சும்மா பிடிச்சுக்குது தம்பி, எல்லாரும் எடுக்கத்தான் சொல்றாங்க"ன்னு கூலா சொல்றார். ஃபெயிலாகுற டெஸ்ட்டை கமெண்ட் அவுட் பண்ணிட்டு "எல்லாம் பாஸ்"னு மெயில் போடற ஆளை நம்ம ஆபீஸ்ல பாத்திருக்கோம்ல, அதே ஜாதி. வித்தியாசம் என்னன்னா, அங்க கஸ்டமர் திட்டுவான். இங்க ரத்தம் வரும்.

சரி, அப்ப ரீகண்டிஷனே கூடாதா? அப்படி நான் சொல்லலை. நல்ல கம்பெனி மிஷினை ஒழுங்கா பிரிச்சு, தேஞ்சதை மாத்தி, பிரேக்கைச் சோதிச்சுக் குடுத்தா, ஊர் பேர் தெரியாத புது மிஷினை விட அதுதான் மேல். அந்தப் புதுசுக்கு ஒரு ஸ்ப்ரிங் உடைஞ்சாக்கூட ஸ்பேர் கிடைக்காது. என் சண்டை அந்த வார்த்தையோட மட்டும்தான். பெயிண்ட் அடிக்கிறது ரீகண்டிஷன் இல்லை. புது ஸ்டிக்கர் ஒட்டுறதும் இல்லை.

கடைக்காரர் முன்னாடியே பாக்க வேண்டியது இவ்வளவுதான்:

1. சைலன்சரைக் கழட்டச் சொல்லுங்க. ரெண்டு மூணு ஸ்க்ரூதான். அந்த ஓட்டை வழியா பிஸ்டன் தெரியும். நெடுக்கா கீறல் இருந்தா, ஆயில் பத்தாமயோ சூடேறியோ ஓடின மிஷின். கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

2. ஸ்டார்ட்டர் கயிறைப் பிடிச்சு மிஷினை மெதுவா தொங்க விடுங்க. தயங்கித் தயங்கி இறங்கினா கம்ப்ரஷன் இருக்கு. சரசரன்னு இறங்கினா இல்லை.

3. ஐடில்ல செயின் சுத்தக் கூடாது. ஓட்டத்துல மணிக்கட்டால தடுப்பை முன்னாடி தள்ளினா டக்குனு நிக்கணும்.

4. பெட்ரோல் டியூபும் கார்புரேட்டர் டயஃப்ரமும் புதுசான்னு கேளுங்க. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது.

இதுல ஒண்ணுக்கு "அதெல்லாம் எதுக்கு தம்பி"ன்னு பதில் வந்தாலும், புதுசையே வாங்குங்க. காசு பத்தலையா, 16 இன்ச்சுக்குப் பதிலா 14 இன்ச் வாங்குங்க. அதுவும் பத்தலையா, மிஷின் வச்சிருக்கிறவரைக் கூலிக்குக் கூப்பிடுங்க. வருஷத்துக்கு ரெண்டு கிளைக்கு அதுதான் உண்மையிலேயே சிக்கனம்.

"பழைய மிஷின் மாதிரி வருமா, அந்தக் காலத்து இரும்பு"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். இரும்பு நல்ல இரும்புதான் சாமி. பட்டை எங்கேன்னுதான் கேக்கிறேன். "புதுசும்தான் அறுக்கும்"னு இன்னொரு கோஷ்டி வரும். அறுக்கும். கவனக்குறைவுக்கு எந்த மிஷினும் பொறுப்பில்லை. ஆனா கவனமா இருக்கிறவனையும் காப்பாத்தறதுக்குன்னு வச்ச பாகத்தைப் பிடுங்கிட்டு, அவன்கிட்டயே கவனத்தைப் பத்திப் பாடம் எடுக்கக் கூடாது.

எனக்கு உறுத்துறது வேற. விலை பேசினது சித்தப்பா. தலையாட்டினது நான். மிச்சமான காசு எங்க வீட்டுக்கு. தோளைக் குடுத்தது அந்த அண்ணன். மிஷினை வாங்கறவன் ஒருத்தன், பிடிக்கிறவன் இன்னொருத்தன்னு இருக்கிற வரைக்கும் "நல்லா பேரம் பேசி வாங்கினேன்"னு நாம பெருமை அடிச்சுக்கிட்டே இருப்போம். வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இதை உங்க பையன் கையில குடுப்பீங்களா? ஆமான்னா வாங்குங்க, புதுசோ பழசோ.

டிஸ்கி: அண்ணனுக்கு இப்பத் தேவலை. கை மேல தூக்கினா மட்டும் வலிக்குதுங்கிறார். ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்கு வராத நாளோட கூலி எல்லாம் கூட்டிப் பாத்தா, ஒரு புது மிஷினே வாங்கியிருக்கலாம். வாங்கிட்டோம், 14 இன்ச். பட்டையோட :)