ஆழம் அறிந்து ஒலி அமைப்போம்!



தைத் திங்கள் நெருங்குகிறது. நம் தமிழ் மன்றத்தின் பொங்கல் விழாக்குழு கூடிப் பேசத் தொடங்கிவிட்டது. ஆடல் என்ன, பாடல் என்ன என்று ஆராயுமுன்னரே, "இவ்வாண்டு 18 அங்குலச் சப்வூஃபர் நான்கு வேண்டும், நெஞ்சு அதிர வேண்டும்!" என்ற முழக்கம் எழுந்துவிட்டது. அம்முழக்கத்தை மறுத்துச் சில சொல்ல விரும்புகிறேன். இசையை வெறுப்பவன் அல்லேன் நான். ஆழ்ந்த ஒலியில் உங்களைப் போலவே மயங்குபவன்தான்.

சென்ற ஆண்டு நடந்ததை மறந்துவிட்டோமா? சாலைக் கடைத்தெருவில் ஒலிபெருக்கிக்கு வாடகை பேசச் சென்ற குழுவில் நானும் இருந்தேன். "4000 வாட்" என்றார் கடைக்காரர். வாய் பிளந்தோம். எந்த வாட் என்று கேட்கத் தோன்றவில்லை. நொடிப்பொழுது தாங்கும் உச்ச அளவையும் வாட் என்றே சொல்வர். மணிக்கணக்காகத் தாங்கும் ஆர்.எம்.எஸ். அளவையும் வாட் என்றே சொல்வர். நமக்கு வேண்டியது பின்னது. நாம் மயங்கியது முன்னதில்.

விழாவன்று என்ன ஆயிற்று? குமரி மாவட்டத்திலிருந்து வந்திருந்த பறைக்குழுவின் பெரியவர் பாதியில் கோலை நிறுத்தினார். "மக்களே, அந்தப் பெட்டிய கொஞ்சம் நிறுத்துங்க, நான் அடிக்கது எனக்கே கேக்கல்லே" என்றார். எனக்குத் தலை குனிந்தது. யாருக்காக அந்தப் பெட்டிகள்? அவர் பறைக்காகத்தானே!

நிற்க. ஆழ்ந்த ஒலி எதனால் பிறக்கிறது? ஓங்கி அடிப்பதனால் அன்று. நம் மிருதங்கத்தைப் பாருங்கள். இடப்பக்கத் தொப்பியில் ரவைப் பசையை அப்புகிறார்கள். தோல் கனக்கிறது, மெதுவாக அதிர்கிறது, ஒலி தாழ்கிறது. வலப்பக்கத்துக் கருஞ்சாந்தும் அவ்வாறே தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்துவதை 1920-ஆம் ஆண்டிலேயே சி. வி. இராமன் உலகுக்கு எடுத்துக் காட்டினார். இம்மண்ணின் செண்டையிலும் பல அடுக்குத் தோல் போர்த்த வலந்தலையே தாழ்ந்த ஒலி தருகிறது.

சப்வூஃபரின் நெறியும் இதற்குத் தொலைவானது அன்று. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். அத்துணைப் பெரிய அலையை எழுப்ப மிகுந்த காற்றை அசைக்க வேண்டும். 80 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறங்கி அதே உரப்பைப் பெற வேண்டுமானால், கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். அல்லது கூம்பின் பரப்பு பெருக வேண்டும். ஆதலால் ஆழத்துக்கு முதல் தேவை பரப்பு. வாட் அதற்குப் பின்னர்தான். 500 வாட்டை 1000 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்குச் சிறு வேறுபாடே. இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். வாட்டைப் பெருக்கிப் பணத்தைக் கரைப்பதில் என்ன பயன்?

இரண்டு 12 அங்குலக் கூம்புகளின் மொத்தப் பரப்பு ஒரு 15 அங்குலக் கூம்பினும் மிகுதி. ஒரு 18 அங்குலக் கூம்பினும் சிறிதே குறைவு. அவ்விரண்டையும் அருகருகே சுவரோரம் வைத்தால் சுவரும் நமக்கு உதவும். இருநூறு பேர் அமரும் நம் மண்டபத்துக்கு, ஒவ்வொன்றும் 500 வாட் தொடர்ந்து தாங்கும் இரண்டு 12 அங்குலப் பெட்டிகள் போதும் என்பது என் கருத்து. திறந்த வெளியில் ஆயிரவர் கூடும் திருவிழாவாயின் 18 அங்குலமே தகும். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் எலி வளைக்கு யானை எதற்கு?

இன்னும் ஒன்று. தாழ்ந்த ஒலி மிகுந்தால் அதற்கு மேலுள்ள ஒலிகளை அது மூடிவிடும். பேச்சில் சொல்லை விளங்கச் செய்யும் மெய்யொலிகள் அங்கேதான் இருக்கின்றன. சென்ற ஆண்டு முதலாண்டு மாணவி ஒருத்தி இரவெல்லாம் எழுதி வந்து பேசிய உரை வெறும் முழக்கமாய்ப் போனது இதனாலேயே. பேசுவோர் மைக்கைச் சப்வூஃபருக்குச் செலுத்தவே கூடாது.

சுவரைத் தாண்டி ஓடுவதும் இத்தாழ்ந்த ஒலியே. அயலில் தேர்வுக்குப் படிப்போர் இருக்கின்றனர். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. மலையாள நாட்டில் தமிழர் விழா என்றால் இரைச்சல் என்ற பெயர் நமக்கு வேண்டா.

தோழர்களே, மன்றத்தின் பணம் நம் பெற்றோர் வியர்வையில் விளைந்த சந்தா. சென்ற ஆண்டு அதில் பாதிக்குமேல் பெட்டிகள் தின்றன; பறைக்குழுவுக்குக் கூலியைக் குறைத்தோம். இவ்வாண்டு அதனை மாற்றுவோம். பொதுக்குழுவில் இரண்டு 12 அங்குலப் பெட்டிகளுக்குக் கை தூக்குங்கள். மிஞ்சும் பணத்தைப் பறை அடிக்கும் கைகளுக்குக் கொடுங்கள். அப்பெரியவரை மீண்டும் அழைப்போம். அவர் அடிப்பது இம்முறை அவருக்கும் கேட்கட்டும், நமக்கும் கேட்கட்டும்!